சுவரில் ஏறும் பொம்மை ரோபோ: காற்று எவ்வாறு பிடித்துக்கொள்கிறது? தங்கவயல் சுரங்கம் தரும் விளக்கம்

கோலார் தங்கவயல்: பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள், விரல் அளவிலான காற்று சிலிண்டர்கள், சில ரப்பர் கிண்ணங்கள். இவற்றைக் கொண்டு செங்குத்தான கண்ணாடியிலோ இரும்பு அலமாரியின் பக்கவாட்டிலோ ஏறிச் செல்லும் சிறு ரோபோ ஒன்றை உருவாக்க முடியும். லெகோ போன்ற கட்டுமானப் பொம்மைகளில் ஈடுபாடு கொண்டவர்கள் உலகின் பல பகுதிகளில் இத்தகைய கருவிகளைச் செய்து வருகின்றனர்.

பார்ப்பதற்கு விளையாட்டாகத் தோன்றினாலும், இதன் பின்னுள்ள அறிவியல் கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலுக்குப் புதியதன்று. அடைத்து அழுத்திய காற்றைக் குழாய் வழியே அனுப்பிக் கருவிகளை இயக்கும் தொழில்நுட்பம், இங்கு பூமிக்கடியில் பல தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர்களின் அன்றாட வேலையாக இருந்தது. மனிதர் செல்லக் கூடாத இடத்திற்கு இயந்திரத்தை அனுப்ப வேண்டும் என்ற குரல் வலுவாக எழுந்த ஊர்களில் ஒன்றும் இதுவே.

சுவரில் ஏறும் ரோபோ எவ்வாறு இயங்குகிறது, அது ஏன் விழுகிறது, அந்த அறிவு எங்கே பயன்படுகிறது என்பதை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

சுவரோடு அழுத்துவது எது?

ரப்பர் கிண்ணம் சுவரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் வெளியே உள்ள காற்றுதான் அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது.

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ 1 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் அது அழுத்துகிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக அழுத்துவதால் அதை நாம் உணர்வதில்லை. கிண்ணத்தின் உட்புறத்திலிருந்து காற்றை வெளியேற்றும்போது இந்தச் சமநிலை குலைகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே உள்ள அழுத்தம் மாறாமல் இருக்க, கிண்ணம் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ வான் கெரிக், 17-ஆம் நூற்றாண்டில் இதை ஊரறியக் காட்டினார். இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒன்றாகப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். அரைக்கோளங்கள் எளிதில் பிரியவில்லை. பொம்மை ரோபோவின் ரப்பர் கிண்ணமும் அதே சோதனையைச் சிறிய அளவில் நடத்துகிறது.

இந்தப் பிடிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கிண்ணத்துக்குள் இருக்கும் காற்று முழுவதையும் வெளியேற்றினாலும், வெளியே உள்ள காற்றின் அழுத்தத்துக்கு மேல் பிடி கிடைக்காது. எவ்வளவு திறன்மிக்க பம்பைப் பொருத்தினாலும் இந்த வரம்பைத் தாண்ட இயலாது. கூடுதல் பிடி வேண்டுமெனில் கிண்ணத்தின் பரப்பையோ எண்ணிக்கையையோ கூட்டுவதே வழி.

ஊருக்கு ஊர் மாறும் பிடி

கோலார் தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடினால் மேலே உள்ள காற்றின் அளவு குறையும். எனவே இங்குள்ள காற்றழுத்தம் சென்னையில் உள்ளதைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு.

கணக்கு எளிமையானது. 4 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்ட ரப்பர் கிண்ணத்தின் பரப்பு ஏறத்தாழ 12.6 சதுர சென்டிமீட்டர். அதனுள் இருக்கும் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால், சென்னையில் அது ஏறத்தாழ 6.5 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் சுவரில் அழுந்தும். தங்கவயலில் அதே கிண்ணத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5.9 கிலோ மட்டுமே.

ஆனால் சுவரில் ஏறும் ரோபோவுக்கு இந்த விசை முழுவதும் எடை தாங்கப் பயன்படுவதில்லை. காற்று ரோபோவைச் சுவரை நோக்கி அழுத்துகிறது. புவியீர்ப்போ அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. கீழே வழுக்காமல் தடுப்பது ரப்பருக்கும் சுவருக்கும் இடையிலான உராய்வு. அந்த உராய்வு, அழுத்தும் விசையில் பாதி அளவு எனக் கொண்டால், தங்கவயலில் ஒரு கிண்ணம் தாங்கக்கூடியது 3 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தூசு படிந்த பரப்பில் அது மேலும் சரியும்.

எனவே ஆலைகளில் உறிஞ்சு கிண்ணங்களைப் பயன்படுத்தும் பொறியாளர்கள், செங்குத்தான பரப்புகளுக்குக் கணக்கில் வரும் எடையைப்போல் பல மடங்கு தாங்கும் அளவுக்குக் கிண்ணங்களைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

பொம்மைக்குள் காற்றழுத்தம்

டென்மார்க்கைச் சேர்ந்த லெகோ நிறுவனம், காற்றழுத்தத்தால் இயங்கும் பாகங்களைத் தனது தொழில்நுட்பப் பொம்மை வரிசையில் 1984-இல் அறிமுகப்படுத்தியது. கையால் அழுத்தும் பம்ப், பிஸ்டனுடன் கூடிய சிலிண்டர், காற்றின் திசையை மாற்றும் வால்வு, மெல்லிய குழாய் ஆகியவை இதன் அடிப்படைப் பாகங்கள். காற்றைச் சேமிக்கும் சிறு தொட்டி பின்னர் வந்தது.

பம்பை அழுத்தும்போது காற்று குழாய்க்குள் அடைபடுகிறது. வால்வைத் திருப்பினால் அது சிலிண்டரின் ஒரு பக்கத்துக்குச் சென்று பிஸ்டனைத் தள்ளுகிறது. வால்வை மறுபக்கம் திருப்பினால் பிஸ்டன் பின்னோக்கி வருகிறது. நடுநிலையில் வைத்தால் காற்று அப்படியே அடைபட்டு நிற்கிறது.

பிஸ்டனின் குறுக்களவு 1.2 சென்டிமீட்டர் எனவும், காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ எனவும் கொண்டால், அது 2 கிலோவுக்கும் கூடுதலான எடையைத் தள்ளும். ஒரு கிலோ எடையுள்ள பொம்மையை மேலே உயர்த்த இது போதும்.

இதே சிலிண்டரை எதிர்த்திசையில் பயன்படுத்துவதுதான் சுவரேறும் ரோபோவின் சூட்சுமம். சிலிண்டரின் வாயை ரப்பர் கிண்ணத்தோடு குழாயால் இணைத்துப் பிஸ்டனை வெளியே இழுத்தால், கிண்ணத்தில் உள்ள காற்று சிலிண்டருக்குள் பரவும். கிண்ணத்தில் அழுத்தம் குறையும். தள்ளும் கருவியாக இருந்த சிலிண்டர் இப்போது உறிஞ்சும் கருவியாகிவிடுகிறது.

இங்கே குழாயின் நீளம் முக்கியமானது. கிண்ணமும் குழாயும் சேர்ந்து 5 மில்லிலிட்டர் கொள்ளளவு கொண்டிருந்து, சிலிண்டர் மேலும் 5 மில்லிலிட்டர் இடம் தந்தால் அழுத்தம் பாதியாகும். நீளமான குழாயைப் பொருத்தியதால் முதல் அளவு 10 மில்லிலிட்டராக உயர்ந்தால், அதே சிலிண்டரால் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காக மட்டுமே குறைக்க முடியும். அதாவது, பிடியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எனவே குழாய்களைக் கூடுமானவரை குட்டையாக வைப்பது முதல் விதி.

ஏறும் முறை

சுவரேறும் பொம்மை ரோபோக்களில் எளிமையான வகை, ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு சட்டங்களைக் கொண்டது. ஒவ்வொரு சட்டத்திலும் கிண்ணங்கள் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு சட்டங்களையும் ஒரு நீள சிலிண்டர் இணைக்கும்.

முதல் சட்டம் சுவரைப் பற்றியிருக்கும்போது, இரண்டாம் சட்டத்தின் கிண்ணங்கள் காற்றை உள்ளே விட்டுப் பிடியைத் தளர்த்தும். அந்தச் சட்டம் சுவரிலிருந்து சற்று விலகும். நீள சிலிண்டர் விரிந்து அதை மேலே நகர்த்தும். பின்னர் அது மீண்டும் சுவரில் பதிந்து காற்றை உறிஞ்சும். இதன் பிறகே முதல் சட்டம் பிடியை விட்டு மேலே வரும். கம்பளிப்புழு உடலின் ஒரு பகுதியை ஊன்றி மறுபகுதியை நகர்த்துவதை இது ஒத்திருக்கிறது.

ஒரு கை பற்றிய பின்னரே மறு கை விட வேண்டும் என்பது பனையேறும் தொழிலாளருக்குத் தெரிந்த விதி. ரோபோவுக்கு அதைக் கற்றுத் தரும் வழிகள் இரண்டு. சிறு கணினியும் மோட்டாரும் கொண்டு வால்வுகளை உரிய நேரத்தில் திருப்புவது ஒன்று. ஒரு சிலிண்டர் தன் ஓட்டத்தை முடிக்கும் இடத்தில் அடுத்த வால்வின் கைப்பிடியைத் தானே தள்ளும்படி அமைப்பது மற்றொன்று. இரண்டாவது முறையில் கணினி தேவையில்லை. முந்தைய செயல் முடியாமல் அடுத்தது தொடங்காது என்பதால் இயல்பாகவே ஒரு பாதுகாப்பும் கிடைக்கிறது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுமையானதன்று. பிஸ்டன் முழுவதும் நகர்ந்தது என்பதால் கிண்ணம் பிடித்துவிட்டது என்று பொருளாகாது. காற்று கசிந்தால் பிஸ்டன் நகரும், பிடி இருக்காது. கிண்ணத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து பார்த்த பின்னரே அடுத்த அடியை எடுத்துவைக்கும் ரோபோவே நம்பத் தகுந்தது.

விழுவதற்கான காரணங்கள்

முதல் காரணம் கசிவு. கண்ணாடி, மெருகிட்ட இரும்புத் தகடு, பளிங்கு ஓடு ஆகியவற்றில் கிண்ணம் நன்கு பதியும். சுண்ணாம்பு பூசிய சுவரிலும் சொரசொரப்பான சிமென்ட் பூச்சிலும் நுண்ணிய இடைவெளிகள் வழியே காற்று உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பொடி ரப்பரில் ஒட்டிக்கொண்டால் அடுத்த பரப்பிலும் பிடி கிடைக்காது.

இரண்டாவது காரணம் எடையின் இடம். ரோபோவின் எடை சுவரைவிட்டு விலகியிருந்தால், மேல் கிண்ணங்கள் சுவரிலிருந்து உரிந்து வரும் வகையில் இழுக்கப்படும். மேல், கீழ் கிண்ணங்களுக்கு இடையே 20 சென்டிமீட்டர் தொலைவுள்ள 1 கிலோ ரோபோவின் எடை மையம் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருந்தால், மேல் கிண்ணங்களின் மீது கால் கிலோ இழுப்பு விழும். அது 15 சென்டிமீட்டருக்கு விலகினால் இழுப்பு முக்கால் கிலோவாகிவிடும். எனவே பம்ப், மின்கலம் போன்ற எடை மிகுந்த பாகங்களைத் தரையில் வைத்துவிட்டு, குழாயை மட்டும் ரோபோவுடன் அனுப்புவது உண்டு. அவ்வாறு செய்தால் நீளும் குழாயின் எடையையும் ரோபோவே சுமக்க வேண்டும்.

இதற்கு ஒரு தீர்வைப் பல்லியிடம் காணலாம். பல்லி வழுக்கும்போது தன் வாலைச் சுவரில் ஊன்றிப் பின்புறம் சாய்வதைத் தவிர்த்துக்கொள்கிறது. ரோபோவின் கீழ்ப்பகுதியில் நீண்ட வால் ஒன்றைப் பொருத்தினால் மேல் கிண்ணங்களின் மீதான இழுப்பு குறையும்.

பல்லியின் பாதம் காற்றை உறிஞ்சுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அதன் விரல்களில் உள்ள எண்ணற்ற நுண்மயிர்கள் சுவரின் மூலக்கூறுகளுடன் நெருங்கி ஈர்ப்பு கொள்கின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் அந்த நுண்மயிர் ஒன்றின் விசையை அளந்தனர். அதைப் பின்பற்றிய ரோபோக்களும் உருவாக்கப்பட்டுள்ளன. இரும்புத் தொட்டிகளையும் கொதிகலன் குழாய்களையும் சோதிக்கும் ரோபோக்கள் காந்தத்தைப் பயன்படுத்துகின்றன.

தங்கவயலில் காற்று செய்த வேலை

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1880-களில் தங்கவயலில் பெரிய அளவில் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் உள்ளே இறங்கினர். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, 1902-இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அந்த மின்சாரத்தில் இயங்கிய கம்ப்ரசர்கள் காற்றை அழுத்தின. அடைத்த காற்று இரும்புக் குழாய்கள் வழியே பூமிக்கடியில் சென்று பாறை துளைக்கும் கருவிகளை இயக்கியது.

மின்சாரத்தை நேரடியாகக் கருவிக்குக் கொடுக்காமல் காற்றை இடையில் வைத்ததற்குக் காரணங்கள் உண்டு. காற்றால் இயங்கும் கருவியில் மின்பொறி எழாது. ஈரத்தில் அதிர்ச்சி தாக்காது. வேலை முடித்து வெளியேறும் காற்று விரிவடைந்து குளிர்வதால், வெப்பம் மிகுந்த சுரங்கத்தில் அது சிறு ஆறுதலாகவும் அமையும். ஆனால் மின்சாரமாகச் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வழியிலேயே வீணாகும். பாதுகாப்புக்காக அந்த இழப்பை ஏற்றுக்கொள்வதே காற்றழுத்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மேலே உள்ள காற்றின் எடையும் கூடுவதால், அங்கு காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிடக் கால் பங்குக்கும் மேல் மிகுந்திருக்கும். தரைமட்டத்தில் 5.9 கிலோ விசை பெறும் அதே ரப்பர் கிண்ணம் அந்த ஆழத்தில் ஏறத்தாழ 8 கிலோ விசை பெறும்.

பாறையைத் துளைத்த கருவி தூசையும் கிளப்பியது. அந்தத் தூசு நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய், தங்கவயல் தொழிலாளர்களிடையே பரவலாக இருந்ததை 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வுகள் காட்டின. துளையிடும்போது நீரைப் பாய்ச்சுவது தூசைக் குறைக்கும் வழியாகக் கையாளப்பட்டது. இயந்திரம் வந்தும் மனிதர் அதன் அருகிலேயே நிற்க வேண்டியிருந்தால் ஆபத்து நீங்குவதில்லை என்பதற்கு இது சான்று. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன.

குழிக்குள் இறங்கும் இயந்திரம்

தங்கவயலில் 1966-இல் பிறந்தவர் பெசவாடா வில்சன். கையால் மலம் அள்ளும் வேலையைச் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த அவர், அந்த வேலையை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி அந்தோலன் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். அவருக்கு 2016-இல் ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-இலும், விரிவான சட்டம் 2013-இலும் நிறைவேற்றப்பட்டன. இந்த அமைப்பு தொடுத்த வழக்கில், 1993-க்குப் பின் கழிவுநீர்க் குழிகளில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குத் தலா ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் உத்தரவிட்டது. இத்தொகை 2023-இல் ரூ.30 லட்சமாக உயர்த்தப்பட்டது.

எனினும் உயிரிழப்புகள் நிற்கவில்லை. 2019 முதல் 2023 வரையிலான ஐந்து ஆண்டுகளில் கழிவுநீர்க் குழிகளிலும் தொட்டிகளிலும் 377 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

இந்தக் குழிகளுக்காக உருவானதே 'பண்டிகூட்' ரோபோ. கோழிக்கோட்டில் 2015 நவம்பரில் இரு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றச் சென்ற ஆட்டோ ஓட்டுநரும் கழிவுநீர்க் குழியில் உயிரிழந்தனர். பின்னர் கேரளத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர்கள் தொடங்கிய ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம், 2018-இல் திருவனந்தபுரத்தில் இந்த ரோபோவை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டில் கும்பகோணம் உள்ளிட்ட நகரங்களும் இதைப் பெற்றுள்ளன.

பண்டிகூட்டின் தொடக்க வடிவம் காற்றழுத்தத்தால் இயங்கியது. தீப்பற்றக்கூடிய வாயுக்கள் நிறைந்த குழியில் மின்பொறி எழாத இயக்கம் தேவை. தங்கவயல் சுரங்கத்தில் காற்றைப் பயன்படுத்தியதற்கான காரணம் இங்கும் பொருந்துகிறது.

சுவரைப் பற்றும் முறையில் மட்டும் வேறுபாடு உண்டு. பண்டிகூட் குழிக்குள் இறங்கிய பின் தன் கால்களை விரித்துச் சுற்றுச்சுவரில் ஊன்றிக்கொள்கிறது. கிணற்றுக்குள் இறங்குவோர் இருபுறச் சுவர்களிலும் கால்களை ஊன்றி நிற்பதைப் போன்றது இது. வெளிச்சுவரில் ஏறும் ரோபோவுக்கு எதிர்ச்சுவர் கிடையாது. அது வளிமண்டலக் காற்றையே நம்ப வேண்டும். குழியில் எதிர்ச்சுவர் இருப்பதால் உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ள முடிகிறது. தள்ளும் விசைக்கு வளிமண்டலம் விதிக்கும் உச்சவரம்பு இல்லை. ஈரமும் அழுக்கும் படிந்த சுவரில் கசிவைப் பற்றிய கவலையும் இல்லை.

கழிவுநீர்த் தொட்டிகளுக்காகச் சென்னை ஐஐடி உருவாக்கிய 'ஹோமோசெப்' என்ற இயந்திரம் 2022-இல் தமிழ்நாட்டில் களத்துக்கு வந்தது. இத்திட்டத்தில் சஃபாய் கர்மசாரி அந்தோலனும் இணைந்து பணியாற்றியது. இந்த விபத்துகளில் கணவரை இழந்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு முதல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன.

பள்ளியில் செய்து பார்க்க

அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் 10 ஆயிரம் பள்ளிகளில் செய்முறை ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் ரூ.20 லட்சம் வரை நிதி அளிக்கப்படுகிறது. மேலும் 50 ஆயிரம் ஆய்வகங்களை அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளில் அமைப்பதாக 2025-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

விலை உயர்ந்த பொம்மைத் தொகுப்பு இல்லாத பள்ளியிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் புதிய சிரிஞ்சுகளை ஊசியின்றிப் பயன்படுத்தினால் அவையே சிலிண்டர்கள். மீன்தொட்டிக்கான மெல்லிய குழாயும், அதில் பொருத்தும் ஒருவழி வால்வும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. குளியலறைக் கொக்கிகளில் உள்ள ரப்பர் கிண்ணங்களைத் துளையிட்டுக் குழாயுடன் இணைக்கலாம். சட்டத்தை மூங்கில் குச்சிகளாலோ அட்டையாலோ செய்யலாம்.

முதலில் ஒரு கிண்ணத்தை மட்டும் கண்ணாடியில் பதித்து, அது எவ்வளவு எடையை எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது. பின்னர் சுண்ணாம்புச் சுவர், இரும்புக் கதவு, மரப்பலகை என்று பரப்பை மாற்றிப் பார்க்கலாம். அந்த அளவீடுகளைக் கொண்டே எத்தனை கிண்ணங்கள் தேவை என்று முடிவு செய்ய வேண்டும். ரோபோ ஏறும்போது மேலிருந்து ஒரு கயிற்றில் அதைக் கட்டியிருப்பதும், கீழே எவரும் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். கண்ணாடிப் பாட்டில்களைக் காற்றுத் தொட்டியாகப் பயன்படுத்தக் கூடாது. அழுத்தம் கூடினால் அவை வெடித்துச் சிதறும்.

பத்து அடி உயரத்தில் பிடி நழுவினால் பொம்மைக் கட்டைகள் சிதறும், அவற்றை மீண்டும் கோக்கலாம். கழிவுநீர்க் குழியிலும் உயரமான கட்டடத்தின் வெளிச்சுவரிலும் தவறு நேர்ந்தால், அதன் விலையை இன்றும் மனிதர்களே கொடுக்கின்றனர். அந்த இடங்களுக்கு இயந்திரங்களை அனுப்புவதற்கான அறிவியல் எளிமையானது, பள்ளி மாணவரும் கற்கக்கூடியது. அவற்றை வாங்கி, பழுதின்றிப் பராமரித்து, ஒவ்வொரு முறையும் மனிதருக்குப் பதிலாக இறக்குவது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாகும்.